ஹேவ்லாக் போக அட்வான்ஸ்டு அட்டை வேண்டுமா?

டிசம்பர் விடுமுறைக்கு அந்தமான் டிக்கெட் போட்டாயிற்று. கையில் ஸ்கூபா டைவிங்கின் முதல் சான்றிதழான ஓப்பன் வாட்டர் அட்டை இருக்கிறது. டைவ்களைக் குறித்துவைக்கும் லாக்புக்கைப் புரட்டினால் பயிற்சியில் போட்ட 4 டைவ் மட்டும்தான். அங்குள்ள ஹேவ்லாக் தீவின் டைவ் கடைகளின் இடப்பட்டியலைப் பார்த்தால், நல்ல நல்ல இடங்களுக்கு நேரே 'அட்வான்ஸ்டு மட்டும்' என்று, அதாவது அடுத்த படி அட்டை இருப்பவர்களுக்கு மட்டும் என்று, போட்டிருக்கிறது. அவ்வளவு தூரம் போய்விட்டு ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா என்ற கவலை அப்போதுதான் வருகிறது.

பெரும்பாலான வெப்பக்கடல் பயணங்களுக்கு ஓப்பன் வாட்டரே போதும். சில குறிப்பிட்ட இடங்களுக்குப் போதாது. அந்த இடங்களில் அட்வான்ஸ்டு அட்டை மட்டும் இருந்தாலும் போதாது, தண்ணீருக்குள் கழித்த நேரமும் வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் அட்டை விற்கிறவர்கள் அதிகம் சொல்வதில்லை.

அட்டை எதற்கு

பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) என்ற இரண்டு டைவிங் பயிற்சி அமைப்புகளிலும் ஓப்பன் வாட்டர் என்பது முதல் படி. இன்னொரு டைவரோடு ஜோடி சேர்ந்து, பயிற்றுநர் இல்லாமலே, 18 மீட்டர் வரை இறங்கலாம். ஐரோப்பியக் கழகங்களில் படித்தவர்கள் சிஎம்ஏஎஸ் ஒரு நட்சத்திரமோ பிரிட்டனின் பிஎஸ்ஏசி ஓஷன் டைவரோ வைத்திருப்பார்கள். அவற்றில் எல்லை 20 மீட்டர்.

பாடியின் அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் என்பது 5 டைவ். அதில் இரண்டு கட்டாயம்: ஒன்று 18 மீட்டருக்குக் கீழே போகும் ஆழ டைவ், இன்னொன்று காம்பஸ் வைத்துத் திசை பார்க்கும் டைவ். மற்ற மூன்றை நாமே தேர்ந்தெடுக்கலாம். கொஞ்சம் படிக்க வேண்டும், கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும், ஆனால் பெரிய இறுதித் தேர்வு கிடையாது. இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். முடித்தால் எல்லை 30 மீட்டர். 12 முதல் 14 வயதுள்ள பிள்ளைகளுக்கு 21 மீட்டர்தான்.

ஓப்பன் வாட்டர் முடித்த மறுநாளே இதைத் தொடங்க எந்தத் தடையும் இல்லை. அதாவது வாழ்நாளில் மொத்தம் 9 டைவ் போட்ட ஒருவர் அட்வான்ஸ்டு அட்டையோடு ஊர் திரும்பலாம். குழப்பத்துக்கெல்லாம் அந்தப் பெயர்தான் காரணம். 'இரண்டாம் வகுப்பு' என்று பெயர் வைத்திருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

எஸ்எஸ்ஐயில் பெயர்க் குழப்பம் இன்னும் கூடுதல். பாடியின் 5 டைவ் வகுப்புக்கு நிகரானது அங்கே 'அட்வான்ஸ்டு அட்வென்ச்சரர்'. எஸ்எஸ்ஐயின் 'அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் டைவர்' என்பது 4 சிறப்புப் பயிற்சிகளும் 24 டைவும் முடித்தவர்களுக்கானது. பெயர் ஒன்றாக இருந்தாலும் உழைப்பு வேறு. டைவ் கடைக்கு எழுதும்போது அட்டையின் முழுப் பெயரையும் எழுதுவது நல்லது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஹேவ்லாக்கிலோ கோவாவிலோ பயிற்றுநர் பின்னால் பிடித்துக்கொள்ள அரை மணி நேரம் மீன் பார்த்துவிட்டு வந்தீர்களே, அதற்குக் கொடுத்த தாள் டைவிங் உரிமம் அல்ல. அது அறிமுக டைவ். அதை எத்தனை முறை போட்டிருந்தாலும் அடுத்த ஊரில் மீண்டும் அறிமுக டைவ்தான் போட முடியும், அதுவும் 12 மீட்டருக்குக் கீழே இறங்காமல்.

18க்கும் 30க்கும் நடுவில் என்ன மாறுகிறது

இந்த எண்கள் ஏதோ ஆபீஸில் உட்கார்ந்து வகுத்தவைபோலத் தோன்றும். ஒரு சிலிண்டர் காற்றை வைத்துக் கணக்குப் போட்டால் விஷயம் புரியும்.

வெப்பக்கடல் டைவ் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது சுமார் 11 லிட்டர் கொள்ளளவுள்ள அலுமினியச் சிலிண்டர். 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் உள்ளே சுமார் 2,200 லிட்டர் காற்று இருக்கும். படகில் ஏறும்போது 50 பார் மிச்சம் இருக்க வேண்டும் என்பது பழக்கம். ஆக, செலவழிக்கக் கிடைப்பது 150 பார், அதாவது 1,650 லிட்டர். புது டைவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேற்பரப்பில் அழுத்தம் ஒரு பார், ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னும் ஒரு பார் கூடும். அதே மூச்சுக்கு அத்தனை மடங்கு காற்று செலவாகும்.

10 மீட்டரில் அழுத்தம் 2 பார். நிமிடத்துக்கு 40 லிட்டர் போகும், 41 நிமிடம் தாங்கும். 18 மீட்டரில் 2.8 பார், 56 லிட்டர், 29 நிமிடம். 30 மீட்டரில் 4 பார், 80 லிட்டர், வெறும் 20 நிமிடம்.

இதன் பக்கத்தில் நைட்ரஜன் கணக்கை வைத்துப் பாருங்கள். ஆழத்தில் இருக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்துகொண்டே போகும். வழியில் கட்டாயமாக நிற்காமல் நேராக மேலே வர எவ்வளவு நேரம் வரை கீழே இருக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. பாடியின் அட்டவணைப்படி முதல் டைவுக்கு அது 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம்.

18 மீட்டரில் காற்று 29 நிமிடத்தில் தீர்கிறது, நைட்ரஜன் எல்லையோ 56 நிமிடம். ஆழத்தையும் இந்த எல்லையையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரைப் பார்க்க மறந்தாலும் காற்றழுத்தமானி உங்களை முன்கூட்டியே மேலே அனுப்பிவிடும். முதல் டைவைப் பொறுத்தவரை, புது டைவரை அவருடைய பதற்றமான மூச்சே காப்பாற்றுகிறது என்றுகூடச் சொல்லலாம். 30 மீட்டரில் இரண்டும் ஒரே நேரத்தில் தீர்கின்றன. நிதானமாக மூச்சு விடப் பழகியவருக்கு நைட்ரஜன் எல்லை முதலில் வந்துவிடும், சிலிண்டரில் பாதிக் காற்று இருக்கும்போதே. அங்கே காற்றழுத்தமானி எச்சரிக்காது. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வழி. ஆழ டைவில் பழகிக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இதுதான்.

50 பார் பழக்கமும் ஆழத்தில் பொய்த்துவிடும். 30 மீட்டரில் உங்கள் ஜோடிக்குக் காற்று தீர்ந்துவிட்டது, உங்கள் மாற்று ரெகுலேட்டரை (சிலிண்டரிலிருந்து மூச்சு இழுக்கும் இரண்டாவது வாய்க்கருவி) வாயில் வைத்துக்கொண்டார் என்று வையுங்கள். பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர், இருவருக்கும் 60. நிலைமையைச் சரிசெய்ய அடியில் ஒரு நிமிடம்: 240 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆழம் வரை ஏற ஏறக்குறைய 3 நிமிடம்: 495 லிட்டர். அங்கே 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம்: 270. மேற்பரப்புக்கு வர இன்னும் ஒரு நிமிடம்: 75. மொத்தம் 1,080 லிட்டர், உங்கள் சிலிண்டரில் 98 பார். நிறுத்தத்தை விட்டுவிட்டு ஏறினாலும் 74 பார் வேண்டும். ஆகவே 30 மீட்டரில் நிற்கிறவர் 100 பார் காட்டும்போதே மேல்நோக்கித் திரும்பியாக வேண்டும். '50 வந்ததும் கைடிடம் காட்டு' என்பது ஆழம் குறைந்த பவளத்திட்டுக்குச் சொன்ன விதி.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 30 மீட்டரை நெருங்கும்போது நைட்ரஜன் போதை தலைகாட்டத் தொடங்கும். சிலருக்குக் காரணமில்லாத உற்சாகம், சிலருக்குக் காரணமில்லாத பயம், பலருக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாதவர்தான் கம்ப்யூட்டரில் உள்ள எண்ணைப் படித்துவிட்டு அதன் பொருளை உடனே மறப்பவர். சில மீட்டர் மேலே ஏறினால் போதை தெளிந்துவிடும்.

வெட்சூட் என்னும் ரப்பர் உடையும் ஆழத்தில் நசுங்கி மிதப்பை இழக்கும். அதை ஈடுகட்ட பிசிடியில், அதாவது மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்று அங்கியில், காற்று ஏற்ற வேண்டியிருக்கும். மேலே வரும்போது அந்தக் காற்று விரியும். வெளியேற்ற மறந்தால் பலூன்போல உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். புது டைவர்கள் ஆழத்தில் செய்கிற தவறுகளில் அடிக்கடி பார்க்கக்கூடியது இது. மேலே ஏறத் தொடங்கும்போதே இடது கை காற்று விடும் குழாயில் இருக்க வேண்டும்.

ஆழத்தில் எவ்வளவு இருக்கிறது

பவளம் வளர வெளிச்சம் வேண்டும். அதனால் வெப்பக்கடலில் வண்ணமும் மீன் கூட்டமும் மிகுந்த பகுதி பெரும்பாலும் 5 முதல் 20 மீட்டருக்குள்தான். தூத்துக்குடிப் பக்கத்து மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் பவளத்திட்டுகளும் அப்படித்தான். 28 மீட்டருக்குப் போனால் சிவப்பு நிறம் எப்போதோ போய்விட்டிருக்கும், டார்ச் அடிக்காவிட்டால் எல்லாம் நீலச் சாம்பல். ஆழம் கூடினால் அழகு கூடும் என்பது முதல் பயணத்தில் இருக்கிற பெரிய மூடநம்பிக்கை.

பிறகு ஏன் இறங்குகிறார்கள்? உச்சியே ஆழத்தில் தொடங்கும் கடலடிக் குன்றுகளுக்காக, மூழ்கிய கப்பல்களுக்காக, நீரோட்டம் வந்து மோதும் கால்வாய் வாயில் நிற்கும் சுறாக்களுக்காக. உங்கள் பயணத்தில் இந்த மூன்றில் ஒன்று இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

தெளிந்த தண்ணீரில் ஒரு வஞ்சகமும் உண்டு. 30 மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், செங்குத்துச் சுவரை ஒட்டிப் போகும்போது ஆழம் உறைக்காது. மேலே வெளிச்சமாக இருக்கும், கீழே ஓர் ஆமை போகும், அதன் பின்னால் போனால் 12 மீட்டர் என்று நினைத்த இடம் 24 ஆகியிருக்கும். கலங்கிய கடலில் பயம் உங்களை மேலேயே வைத்திருக்கும். தெளிந்த கடலில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர்தான் செய்ய வேண்டும். அதனால்தான் கைடின் கையில் உள்ள கம்ப்யூட்டரை நம்பி இறங்கக் கூடாது. வாடகைக்காவது ஒன்று எடுத்து உங்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள்.

இடம் இடமாக

அந்தமானிலிருந்தே தொடங்கலாம். ஹேவ்லாக், இப்போது அரசுப் பெயர் சுவராஜ் தீவு. நீமோ ரீஃப், லைட்ஹவுஸ், அக்வேரியம் ஆகியவை ஓப்பன் வாட்டருக்குத் தாராளம். டிக்சன்ஸ் பின்னக்கிள் வேறு கதை. அந்தக் குன்றுகளின் உச்சியே சுமார் 18 மீட்டரில்தான் தொடங்கும், அடிவாரம் 30 மீட்டரைத் தாண்டும். ஓப்பன் வாட்டர் அட்டைக்காரர் அங்கே போனால் உச்சியைத் தொட்டுக்கொண்டு நிற்பதோடு சரி. ஜானிஸ் கோர்ஜும் ஆழமானது, நீரோட்டமும் வரும். இந்த இரண்டும்தான் ஹேவ்லாக்கில் அட்வான்ஸ்டு அட்டைக்கான உண்மையான காரணம். மூன்று நாள் டைவிங்குக்குப் போகிறவர் இவற்றைத் தவறவிட்டால் பெரிய நஷ்டமில்லை. ஒரு வாரம் தங்குகிறவருக்கு அட்டை பயன்படும். டைவிங் பருவம் அக்டோபர் முதல் மே வரை.

இலங்கையில் திருகோணமலைப் பக்கம், நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவைச் சுற்றி ஆழம் குறைவு. ஓப்பன் வாட்டருக்கு அதைவிட வசதியான இடம் தேட வேண்டாம். மட்டக்களப்புக் கரையோரம் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த கப்பல்கள் கிடக்கின்றன. அவற்றில் பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 24 மீட்டரில் இருக்கிறது. அட்வான்ஸ்டு அட்டை அதற்குச் சரியான அளவு. அதே நாளில் மூழ்கிய ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதற்கு அட்வான்ஸ்டு அட்டையும் செல்லாது, டெக்னிக்கல் டைவிங் பயிற்சி வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல், 'அட்வான்ஸ்டு இருக்கிறதே, ஹெர்மிஸ் போகலாமா?' என்று கேட்கிறவர்கள் உண்டு. கிழக்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரைதான் கடல் அமைதியாக இருக்கும். அந்தமானுக்கு நேர் எதிர்ப் பருவம், தேதி போடும்போது கவனம்.

மாலத்தீவு சற்று விரிவாகப் பார்க்க வேண்டிய இடம். அங்கே விதியே பொழுதுபோக்கு டைவிங்கை 30 மீட்டரோடு நிறுத்துகிறது. கட்டாய நிறுத்தம் தேவைப்படும் டைவ்களுக்கும் அனுமதியில்லை. உள்ளூர்த் தீவில் விருந்தினர் விடுதியில் தங்கி, பக்கத்துப் பவளத்திட்டில் இறங்குகிறவருக்கு ஓப்பன் வாட்டர் போதும். படகிலேயே தங்கிச் சுற்றும் லைவ்அபோர்டு பயணம் என்றால் கதை மாறிவிடும். அந்தப் படகுகளில் பல அட்வான்ஸ்டோடு 30 அல்லது 50 டைவ் லாக்புக்கில் இருக்க வேண்டும் என்கின்றன. காரணம் 'கண்டு' என்று திவேஹி மொழியில் சொல்லப்படும் கால்வாய்கள். அலைவாங்கும் கடலுக்கும் தீவுக்கூட்டத்தின் உட்கடலுக்கும் நடுவே உள்ள வாசல்கள் இவை. கடல்நீர் உள்ளே பாயும்போது கால்வாய் வாயில் சுறாக்கள் வந்து நிற்கும். டைவர்கள் படகிலிருந்து குதித்ததும் மேலே தங்காமல் நேராக 25, 28 மீட்டருக்கு இறங்கி, பாறையில் கொக்கியை மாட்டிக்கொண்டு கொடிபோல ஆடிக்கொண்டு பார்ப்பார்கள். காது அடைத்துக்கொண்டு மேலேயே தங்கிவிடுகிறவரை நீரோட்டம் கால்வாயைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். 9 டைவ் அட்டைக்காரருக்கு இங்கே அட்டை இருக்கும், பழக்கம் இருக்காது.

மாந்தா திருக்கைகளுக்குப் பெயர்போன பா அட்டோலின் ஹனிஃபாரு வளைகுடாவில் ஸ்கூபாவே தடை. முகமூடியும் ஸ்நார்க்கலும்தான். எந்த அட்டையும் தேவையில்லாத இடத்தில்தான் மாலத்தீவின் மிகப் பெரிய காட்சி நடக்கிறது.

இந்தோனேசியாவின் பாலியில், துலாம்பென் கரையிலிருந்து நடந்தே போய் இறங்கும் லிபர்ட்டி கப்பல் இருக்கிறது. 1942இல் டார்பிடோ அடிபட்டுக் கரையேற்றப்பட்ட அந்தக் கப்பலை, 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது ஏற்பட்ட அதிர்வு கடலுக்குள் தள்ளிவிட்டது. மேல்பகுதி 5 மீட்டரிலேயே தொடங்கி 30 வரை சரிவாக இறங்குகிறது. ஓப்பன் வாட்டர்க்காரர் பாதிக்கு மேல் பார்த்துவிடலாம். அதே பாலிக்கு எதிரே உள்ள நூசா பெனிடாவில் கிறிஸ்டல் பே என்ற இடம், ஜூலை முதல் அக்டோபர் வரை சூரியமீன் தேடிப் போவார்கள். திடீர்க் குளிர்நீரும் கீழ்நோக்கி இழுக்கும் நீரோட்டமும் அங்கே சகஜம். கொமோடோவும் அப்படியே. ஒரே நாட்டில், இரண்டு வேறு தகுதி.

மலேசியாவின் சிபாடானில் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று பெர்மிட் எண்ணிக் கொடுப்பார்கள். அழைத்துப்போகும் கடைகள் அட்வான்ஸ்டு கேட்பது வழக்கம். எகிப்தின் பிரதர்ஸ், டீடலஸ் போன்ற நடுக்கடல் பூங்காக்களுக்கு அட்டையைவிட, லாக்புக்கில் 50 டைவ் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். தாய்லாந்தில் கோ தாவ் முழுக்க ஓப்பன் வாட்டர் ஊர். ஆனால் 2025இல் அந்நாட்டு அரசு கொண்டுவந்த விதிப்படி, தண்ணீருக்குள் கேமரா கொண்டுபோக அட்வான்ஸ்டு அட்டையோ 40 டைவ் பதிவோ வேண்டும். செல்ஃபி குச்சியோடு பவளத்தை உதைக்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் நியாயம் புரியும்.

நீரோட்டத்துக்கு அட்டை கிடையாது

மேலே சொன்ன இடங்களில் பாதியில் ஆழத்தைவிட நீரோட்டம்தான் பிரச்சினை. அட்வான்ஸ்டு வகுப்பின் 5 டைவில் ஒன்றை நீரோட்ட டைவாக எடுத்தால் ஓர் அறிமுகம் கிடைக்கும், அவ்வளவுதான். அன்றைக்குக் கடல் சும்மா கிடந்தால் அதுவும் இல்லை.

கீழ்நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முதல் அறிகுறி உங்கள் குமிழ்கள். மேலே போகாமல் பக்கவாட்டில் சுழலும், சில சமயம் கீழே வரும். காதில் அழுத்தம் கூடும். உதைத்து நேராக மேலே நீந்துவதுதான் எல்லோரும் முதலில் செய்வது, அது மூச்சைத்தான் தீர்க்கும். பாறை கைக்கெட்டினால் பிடித்துக்கொண்டு அதை ஒட்டியே ஏற வேண்டும். எட்டாவிட்டால் பாறைச் சுவரிலிருந்து விலகி, திறந்த கடலை நோக்கிப் பக்கவாட்டில் நீந்த வேண்டும், இழுப்பு பெரும்பாலும் குறுகலான பட்டையாகத்தான் இருக்கும். பிசிடியில் காற்று ஏற்றலாம், ஆனால் இழுப்பு விட்ட கணமே அதை வெளியேற்றத் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆபத்து மேல்நோக்கி.

வெளியே வந்த இடம் படகுக்கு வெகுதூரமாக இருக்கலாம். அதற்குத்தான் எஸ்எம்பி என்ற நீளமான ஆரஞ்சு நிறப் பை. 5 மீட்டரில் நிற்கும்போது காற்று ஊதி மேலே அனுப்பினால் படகுக்காரர் கண்ணில் படும். இதை ஊதுவதற்கு ஒரு மதியம் பழகினால் போதும். பழகாதவர்கள் நூல் கையில் சுற்றிக்கொண்டு பையோடு மேலே போய்விடுவார்கள். நீரோட்டக் கடலுக்குப் போகிறவர் தன்னுடையது என்று ஒரு எஸ்எம்பி வைத்திருக்க வேண்டும், விலையும் பெரிதில்லை.

படிப்பதென்றால் எப்போது, எப்படி

பயணத்தின் முதல் இரண்டு நாளை அட்வான்ஸ்டு வகுப்புக்குக் கொடுப்பது நல்ல ஏற்பாடு. 5 டைவும் அந்த ஊரின் நல்ல இடங்களில்தான் நடக்கும். ஊரிலேயே முடித்துவிட்டுப் போவதைவிட இது லாபம்.

ஆனால் ஓப்பன் வாட்டரும் அட்வான்ஸ்டும் சேர்த்து ஒரே வாரப் பொட்டலமாக வாங்குவதைப் பொதுவாகப் பரிந்துரைக்க முடியாது. முதல் பத்துப் பதினைந்து டைவ் வரை கவனமெல்லாம் முகமூடியில் நுழையும் தண்ணீரிலும் காது அடைப்பிலும்தான் இருக்கும். அந்த நிலையில் 30 மீட்டருக்குக் கூட்டிப்போனால் கற்றுக்கொள்ள மூளையில் இடமிருக்காது. நடுவில் பத்து டைவ் சும்மா போடுங்கள், மிதப்பு கைவரட்டும், பிறகு அதே வகுப்பு வேறு தரத்தில் புரியும்.

விருப்ப டைவ் மூன்றில் ஒன்றை மிதப்புக் கட்டுப்பாட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், அதில் மறுபேச்சு வேண்டாம். தேவைக்கு மேல் எடைக்கட்டி போட்டிருப்பவர்கள்தான் காற்றை வீணாக்குகிறார்கள், பவளத்தை உடைக்கிறார்கள். இரண்டாவது, நீங்கள் போகும் கடலுக்கு ஏற்றது: மாலத்தீவு, கொமோடோ என்றால் நீரோட்டம், கப்பல் என்றால் கப்பல். மூன்றாவது உங்கள் ஆசை. இரவு டைவ் நன்றாகத்தான் இருக்கும்.

வகுப்பில் எங்கே ஏமாறலாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆழ டைவ் 18க்குக் கீழே போக வேண்டும் என்பதுதான் விதி. அதனால் 20 மீட்டரைத் தொட்டுவிட்டு 'முடிந்தது' என்று கையெழுத்துப் போடும் கடைகள் உண்டு. விதிப்படி தவறில்லை, ஆனால் நாளை நீங்கள் 30க்கு முதன்முதலாகப் பயிற்றுநர் இல்லாமல் போவீர்கள். '28, 30 வரை போவோமா?' என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். திசை டைவையும் கைடின் பின்னால் நீந்தி முடித்துவிடாமல், காம்பஸை நீங்களே பிடித்துச் சதுரம் போட்டுத் திரும்பி வாருங்கள்.

ஒரே ஒரு ஆழமான இடத்தைப் பார்க்க ஆசை, முழு வகுப்புக்கு நேரமில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. அந்த ஆழ டைவை மட்டும் பயிற்றுநரோடு தனியாகப் போடலாம். பின்னால் அட்வான்ஸ்டு சேரும்போது அது கணக்கில் வரும். டிக்சன்ஸ் பின்னக்கிளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப நினைப்பவருக்கு இது போதும்.

லைவ்அபோர்டுக்குப் போகிறவருக்கு அட்வான்ஸ்டுக்கு இணையாக, சொல்லப்போனால் அதைவிடவும், ஆக்சிஜன் கூடுதலாக உள்ள நைட்ராக்ஸ் கலவைக்கான பயிற்சி உதவும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை இறங்கும்போது நைட்ரஜன் சேர்ந்துகொண்டே போகும். 32 சதவீத ஆக்சிஜன் கலவை அந்தச் சேர்மானத்தைக் குறைத்து, நேரத்தைக் கூட்டித் தரும். பதிலுக்கு ஆழத்துக்கு எல்லை உண்டு, 32க்கு ஏறக்குறைய 33 மீட்டர். அதற்குக் கீழே ஆக்சிஜனே நஞ்சாகும். பெரும்பாலும் வகுப்பறைப் பாடம், ஒரு நாள் போதும்.

காப்பீடும் விமானமும்

18 மீட்டர் எல்லையைத் தாண்டினால் போலீஸ் பிடிக்குமா? பெரும்பாலான நாடுகளில் அது பயிற்சி அமைப்பின் வரையறை, சட்டமல்ல. வேறு இரண்டு இடங்களில் அது கடிக்கும். ஒன்று, கடைக்காரர் உங்களை ஏற்ற மறுக்கலாம், மறுக்க வேண்டும். இரண்டு, காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஸ்கூபா சாகச விளையாட்டுப் பட்டியலில் விலக்கப்பட்டிருக்கும். சேர்த்திருந்தாலும் 'பெற்ற சான்றிதழின் எல்லைக்குள்' என்றோ ஒரு மீட்டர் எண்ணைப் போட்டோ நிபந்தனை இருக்கலாம். 26 மீட்டருக்குப் போய் அழுத்த நோய் (உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாவதால் வருவது) வந்து, அழுத்த அறைச் சிகிச்சைக்கும் படகுக்கும் பணம் கட்ட வேண்டிய நாளில் அந்த வரியைப் படித்துப் பயனில்லை. டைவர்களுக்கென்றே இருக்கும் டேன் போன்ற அமைப்புகளின் காப்பீட்டைப் பாருங்கள்.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே, ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18. ஒரு முழு நாள் விட்டுவிடுவது இன்னும் நல்லது. ஹேவ்லாக்கிலிருந்து கப்பல் பிடித்துப் போர்ட் பிளேர் வந்து, இப்போதைய ஸ்ரீ விஜயபுரம், மறுநாள் காலை விமானம் என்று திட்டமிட்டால் இந்தக் கணக்கு தானாகவே சரியாகிவிடும்.

அட்டை காலாவதியாவதில்லை, கை மறந்துவிடும். கடைசியாக இறங்கி ஓராண்டாகியிருந்தால், எந்த அட்டையாக இருந்தாலும், நீச்சல்குளத்திலோ ஆழமில்லாத கடலிலோ ஒரு மீள்பயிற்சி போட்டுவிட்டுப் போங்கள். முகமூடியில் தண்ணீர் விட்டு வெளியேற்றுவது, ரெகுலேட்டரைத் தவறவிட்டு எடுப்பது, நின்ற இடத்தில் மிதப்பது. அரை நாள் வேலை.

கடைக்கு எழுதும்போது

முன்பதிவுக்கு முன் கடைக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பினால் பாதிக் குழப்பம் தீரும். அட்டையின் முழுப் பெயர், மொத்த டைவ் எண்ணிக்கை, கடைசியாக இறங்கிய மாதம், இதுவரை போன அதிகபட்ச ஆழம், நீரோட்டத்தில் போன பழக்கம் உண்டா இல்லையா. பிறகு கேள்வி: இந்தத் தேதிகளில், இந்தத் தகுதிக்கு எந்தெந்த இடங்களுக்குக் கூட்டிப்போவீர்கள், ஒரு கைடுக்கு எத்தனை பேர், என்னைப் போன்ற புதியவர்களை அனுபவசாலிகளோடு ஒரே குழுவில் போடுவீர்களா?

இடங்களின் பெயரைச் சொல்லி, 'இங்கெல்லாம் சரி, அங்கே வேண்டாம், அன்றைய நீரோட்டத்தைப் பார்த்துச் சொல்கிறோம்' என்று பதில் வந்தால் அந்தக் கடையில் முன்பணம் கட்டலாம். '4 டைவ்தானே, பரவாயில்லை, டிக்சன்ஸ் கூட்டிப்போறோம், வாங்க' என்று வந்தால் அடுத்த கடையின் எண்ணைத் தேடுங்கள்.